குளிர்காலத்தில் சேர்ந்து ஓடுதல்: நமது சங்கங்களுக்கு வெளியே ஒரு யோசனை

புலம்பெயர் தமிழர்கள் செறிந்து வாழும் நகரங்களில் கோடைகாலம் என்பது நடைபவனிக் காலமாகும். பழைய மாணவர் சங்கமாயினும் ஊர்ச்சங்கமாயினும் ஏதோவொரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே நிற மேற்சட்டை அணிந்து பூங்காவொன்றில் கூடுவார்கள். பதாகை பிடித்து ஐந்து கிலோமீற்றர் நடப்பார்கள். நடந்து முடிந்ததும் ரோல்ஸும் வடையும் பரிமாறப்படும். கரைந்த கொழுப்பைவிடக் கூடுதலான கொழுப்பு அந்த இடத்திலேயே ஈடுசெய்யப்படும். பின்னர் நிழற்படங்கள் வெளியாகும். ஒக்ரோபர் பிறந்ததும் எல்லாமே மண்டபங்களுக்குள் சென்றுவிடும். இராப்போசன விருந்து, கலைவிழா, ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று அடுத்த ஜூன் வரை நமது கூட்டுவாழ்வு கதிரைகளில் அமர்ந்தவாறே கழிகின்றது.

நான் கொழும்பில் மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன். அண்மைய இரண்டு குளிர்காலங்களில் சில மாதங்களை ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் எனது தங்கை வீட்டில் கழிக்க நேர்ந்தது. அங்கு கண்டவற்றை வைத்து எனது கருத்தைச் சுற்றிவளைக்காமல் முதலிலேயே கூறிவிடுகிறேன். நம்மவர்கள் தத்தமது பகுதியிலுள்ள உள்ளூர் ஓட்டக் கழகங்களில் சேரவேண்டும். கோடை வரட்டும் என்று காத்திராமல் குளிர்காலத்திலேயே சேரவேண்டும். அதற்கெனப் புதிதாகத் தமிழ் ஓட்டக் கழகம் ஒன்றை அமைக்க வேண்டிய தேவை இல்லை. இந்தக் கடைசி வசனம் சிலருக்குக் கோபமூட்டும் என்பதை அறிவேன். காரணங்களைப் பின்னர் சொல்லுகிறேன்.

பத்திரிகைக் காரியாலயத்தில் மரண அறிவித்தல் பக்கத்தை ஒப்புநோக்கியவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கண் தானாகவே கழித்துப் பார்த்துக்கொள்ளும். போர்க்காலத்தில் அந்தக் கழித்தலின் விடை ஏன் சிறிதாக இருந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் வரும் அறிவித்தல்களிலும் ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து என்ற விடைகள் அடிக்கடி வந்தன. “திடீரெனக் காலமானார்” என்ற தொடரும் கூடவே வரும்.

அந்தத் திடீர் அவ்வளவு திடீரானதன்று. ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் உள்ள ஹமில்ற்றன் நகரின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளை உள்ளடக்கி நடத்தப்பட்ட மாரடைப்பு ஆய்வின் முடிவுகள் 2004 இல் வெளியாகின. இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளுக்கான தனி அலசல் 2007 இல் வந்தது. தெற்காசியருக்கு முதலாவது மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது 53. ஏனைய நாட்டவருக்கோ ஏறத்தாழ 59. அந்த ஆறு வருட வித்தியாசத்தை விதி என்றோ பரம்பரை என்றோ ஆய்வாளர்கள் கடந்துசெல்லவில்லை. இரத்தக் கொழுப்பு, புகைத்தல், நீரிழிவு, போதிய உடற்பயிற்சியின்மை போன்ற அறியப்பட்ட காரணிகளே நம்மவரிடம் இளவயதிலேயே கூடுதலாகக் காணப்படுகின்றன என்று காட்டினார்கள். அதாவது, பெரும்பகுதி மாற்றக்கூடியதே.

இனிக் குளிர்காலத்துக்கு வருவோம். டிசெம்பர் கடைசியில் ரொறன்ரோவில் சூரியன் உதிக்கக் காலை ஏழே முக்கால் தாண்டிவிடும். மாலை ஐந்து மணிக்கு முன்னரே மறைந்துவிடும். வேலைக்குப் போகிறவர் இருளில் புறப்பட்டு இருளில் திரும்புகிறார். வீட்டிலிருந்து வாகனம், வாகனத்திலிருந்து தொழிற்சாலை, மீண்டும் வாகனம், மீண்டும் வீடு. ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கு உடல் வெளிக்காற்றை அறியாது. பல வீடுகளின் நிலக்கீழ்த் தளத்தில் ஓட்டப்பொறி ஒன்று நிற்கும். அது நல்ல உறுதியான பொருள் என்பதற்கு நானே சாட்சி. ஈரச் சேலை நான்கைந்தை ஒரே நேரத்தில் தாங்குகிறது.

இந்தக் காலத்தில்தான் உள்ளூர் ஓட்டக் கழகங்கள் முழுமூச்சுடன் இயங்குகின்றன. இதற்கு ஒன்ராறியோவில் ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஹமில்ற்றனில் குடாவைச் சுற்றி ஓடும் 30 கிலோமீற்றர் போட்டி 1894 இல் தொடங்கியது. 1897 இல் ஆரம்பித்த பொஸ்ரன் மரதனைவிட அது மூன்று வருடம் மூத்தது. அது நடைபெறுவது மார்ச் மாதக் கடைசியில். மார்ச்சில் 30 கிலோமீற்றர் ஓட விரும்புகிறவர் டிசெம்பரிலேயே பயிற்சியைத் தொடங்கியாக வேண்டும். ஏப்ரலில் நடைபெறும் பொஸ்ரன் மரதனுக்கும் அதே கணக்குத்தான். ஆகவே அங்குள்ள ஓட்டக்காரருக்குக் குளிர்காலம் ஓய்வுகாலமன்று, விதைப்புக் காலம்.

கழகங்கள் பலவகை. பயிற்றுநரையும் சந்தாவையும் கொண்ட பழைய கழகங்கள் உண்டு. 1984 இல் எட்மண்டனில் ஜோன் ஸ்ரான்ரன் தொடங்கிய ‘றன்னிங் றூம்’ என்ற சப்பாத்துக் கடை போன்றவை, புதன் மாலையும் ஞாயிறு காலையும் கடை வாசலிலிருந்து கட்டணமின்றிச் சேர்ந்து ஓடும் வழக்கத்தைக் கனடாவெங்கும் பரப்பின. பத்து நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கும் முறையை அங்கு பலர் பழகியதும் அந்தக் கடையால்தான். சப்பாத்து விற்பதற்கான தந்திரம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கட்டுமே. நம்மவர் கடைகளில் புடைவை வாங்கினால் நாட்காட்டி தருகிறார்கள். அதைவிட இது பயனுள்ள தந்திரம்.

ஒரு குளிர்கால மாலைப் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்லலாம். இருபது முப்பது பேர் சமூக நிலையமொன்றின் முன்மண்டபத்தில் கூடுகிறார்கள். இருபத்தைந்து வயது மாணவியும் அறுபத்தெட்டு வயது இளைப்பாறிய தபால்காரரும் அதில் உண்டு. பயிற்றுநர் அன்றைய வேலையை இரண்டு நிமிடத்தில் விளக்குகிறார். கால் மணித்தியாலம் மெதுவோட்டம். அதன்பின் வெளிச்சமுள்ள, உப்பிட்டுப் பனி அகற்றப்பட்ட ஒரு குடியிருப்புத் தெருவையோ சிறு மேட்டையோ தெரிந்தெடுத்து, மேலே வேகமாகவும் கீழே மெதுவாகவும் ஆறு அல்லது எட்டு முறை. ஓட்டத்திடல் பனியில் புதைந்து கிடப்பதால் தெருவே திடல். பின்னர் மீண்டும் மெதுவோட்டம். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்து உள்ளே வந்துவிடுவார்கள். முகத்தில் உறைந்த வியர்வையைத் துடைத்தபடி பத்து நிமிடம் பேசுவார்கள், கலைந்துவிடுவார்கள். தலைவர் உரை கிடையாது. நன்றியுரையும் கிடையாது.

இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. கோடையில் கழகம் நீண்ட பாதையில் ஓடும். வேகமானவர்கள் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடுவார்கள். புதியவர் தனியே பின்தங்கி, இரண்டாம் கிழமை வராமலே விட்டுவிடுவார். குளிர்காலத்தில் அப்படி நேருவதில்லை. வழுக்கும் நிலத்தில் எவரும் தமது முழு வேகத்தில் ஓட முடியாது. ஆகவே கடிகார நேரத்தைப் பார்க்காமல் முயற்சியின் அளவைக் கொண்டு ஓடுமாறு பயிற்றுநர்கள் சொல்லுகிறார்கள். எவரும் குளிரில் அகப்பட்டுக்கொள்ளக்கூடாது என்பதற்காகச் சுற்றுக்களும் குறுகியவையாக இருக்கும். அதே மேட்டில் ஒருவர் எட்டு முறையும் மற்றவர் நான்கு முறையும் ஏறி, ஒருவரையொருவர் கடந்துகொண்டே இருப்பார்கள். பின்தங்கியவர் என்று ஒருவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். மெதுவாக ஓடுகிற, வயது போன, வயிறு வைத்த ஒருவர் கழகமொன்றில் சேருவதற்கு ஜூலையைவிட ஜனவரியே உகந்தது என்று நான் சொல்லுவதற்கு இதுவே பிரதான காரணம்.

எனது மைத்துனரின் விடயத்தை அவரது அனுமதியுடன் எழுதுகிறேன். தொழிற்சாலையொன்றில் இருபத்திரண்டு வருட வேலை. ஐம்பத்தோராவது வயதில் நெஞ்சுநோ, குருதிக் குழாயில் வலைக்குழாய் பொருத்தப்பட்டது. மருத்துவமனையின் புனர்வாழ்வு வகுப்பு சில மாதங்களில் முடிவுற்றது. அதுவரை ஒழுங்காக நடந்த மனிதர், முதல் பனி விழுந்ததும் கதிரைக்குத் திரும்பிவிட்டார். தொலைக்காட்சித் தொடர்களில் வரும் மாமியார்கள் அத்தனை பேரையும் பெயர்சொல்லி அறிவார். தங்கை கெஞ்சினாள், பிள்ளைகள் ஏசினார்கள். பலனில்லை. மருத்துவரின் ஒப்புதலோடு பக்கத்துத் தெரு வெள்ளைக்காரர் ஒருவர் வற்புறுத்தி அழைத்துச் சென்றது ஒரு கழகத்தின் ஆரம்பநிலைக் குழுவுக்கு. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அவரது நீண்ட பெயரை அங்கிருந்தவர்கள் ‘சிவா’ என்று சுருக்கினார்கள். அவரது பெயரில் சிவா என்ற பகுதியே இல்லை. இருப்பினும் செவ்வாய்க்கிழமைகளில் அவர் சிவாதான்.

ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். “போகாவிட்டால் அடுத்த முறை ஏன் வரேல்லை எண்டு கேட்பினம், மச்சான். அதுக்குப் பதில் சொல்லுறதைவிட ஓடுறது சுகம்” என்றார். உடற்பயிற்சி பற்றி நான் வாசித்த பல கட்டுரைகளைவிட இந்தப் பதில் விடயத்தைத் தெளிவாகச் சொல்லுகிறது. வீட்டார் கெஞ்சுவது அன்பு. அன்பை ஏமாற்றலாம். அந்நியர் ஒருவர் குளிரில் உங்களுக்காகக் காத்துநிற்பது வேறு. சேர்ந்து செய்யும்போது மனிதன் கூடுதலாக முயலுகிறான் என்பதைச் சைக்கிளோட்டக்காரரின் நேரப் பதிவுகளைக் கொண்டு நோர்மன் ட்ரிப்லெற் என்ற அமெரிக்கர் 1898 இலேயே எழுதினார். அது வேகத்தைப் பற்றிய அவதானம். எனக்கு முக்கியமாகப்படுவது வேகமன்று, வாசலைத் தாண்டுவது.

தனியே ஓடியவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ரொறன்ரோவுக்கு அண்மையிலுள்ள மில்ரனில் வாழ்ந்த எட் விற்லொக், வீட்டருகே இருந்த மயானத்தின் சிறு சுற்றுப்பாதையில் ஆண்டு முழுவதும் மணித்தியாலக் கணக்கில் தனியே ஓடினார். எழுபது வயதைக் கடந்தபின் மரதனை மூன்று மணித்தியாலத்துக்குள் ஓடிய முதல் மனிதர் அவரே. 2004 இல், 73 வயதில், 2 மணி 54 நிமிடம் 48 செக்கனில் ஓடி முடித்தார். 2017 இல் மறைந்தார். அத்தகைய மனவுறுதி வாய்த்தவர்களுக்கு எனது கட்டுரை தேவையில்லை. எனக்கும் எனது மைத்துனருக்கும் அது வாய்க்கவில்லை.

இருதய நோயாளி ஓடலாமா என்ற கேள்விக்கும் ரொறன்ரோவே ஒருகாலத்தில் உலகத்துக்குப் பதில் சொன்னது. அந்நகரின் புனர்வாழ்வு நிலையத்தில் பணியாற்றிய மருத்துவர் ரெறன்ஸ் கவனா, மாரடைப்புக்குள்ளான தமது நோயாளிகள் சிலரைப் படிப்படியாகப் பயிற்றி 1973 இல் பொஸ்ரன் மரதனில் ஓடவைத்தார். மாரடைப்பு வந்தவரைக் கட்டிலில் கிடத்திவைப்பதே வைத்தியம் என்ற எண்ணம் வலுவாக இருந்த காலம் அது. ஏப்ரல் போட்டிக்கான அவர்களது பயிற்சியின் பெரும்பகுதி ரொறன்ரோவின் குளிரிலேயே நடந்திருக்க வேண்டும். எல்லா நோயாளியும் மரதன் ஓடலாம் என்று இதற்குப் பொருளில்லை. மருத்துவ மேற்பார்வையின்றி எவரும் இதைப் பின்பற்றவும் கூடாது.

நிற்க. நமக்கென்று ஒரு கழகம் ஏன் வேண்டாம் என்கிறேன்?

நமது சங்கங்களை இழிவுபடுத்துவது எனது நோக்கமன்று. அவை ஊர்ப் பாடசாலைக்குக் கூரை போட்டிருக்கின்றன, விதவைகளுக்குத் தையல் இயந்திரம் கொடுத்திருக்கின்றன. அவை இல்லாவிட்டால் வன்னியில் எத்தனையோ பிள்ளைகள் படிப்பை விட்டிருப்பார்கள். ஆனால் தமிழ் ஓட்டக் கழகம் ஒன்று அமைந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கச் சோதிடம் தேவையில்லை. முதல் மாதம் யாப்பு. இரண்டாம் மாதம் தலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர் இருவர். மூன்றாம் மாதம் இலச்சினை. ஓட்டம் தொடங்கமுன் பிளவு தொடங்கிவிடும், வசந்தகாலத்தில் இரண்டு கழகங்கள் இருக்கும். இது கேலியென்று தோன்றினால், உங்கள் ஊரின் பெயரில் எத்தனை சங்கங்கள் பதிவாகியுள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.

அதைவிட ஆழமான காரணம் ஒன்றுண்டு. முப்பது வருடம் ஒரே தெருவில் வாழ்ந்தும் அயலவரின் பெயரறியாத நம்மவர் பலரை ஸ்காபரோவில் சந்தித்தேன். வேலைத்தளத்தில் ஆங்கிலமும் வீட்டில் தமிழும் பேசுகிறார்கள். ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் அப்பால் உள்ள பொது வெளியில் அவர்கள் விருந்தாளிகளைப் போலவே நடந்துகொள்ளுகிறார்கள். வரி கட்டுகிறார்கள், வாக்களிக்கிறார்கள், பூங்காவைப் பயன்படுத்துவதில்லை. 1983 இற்குப் பின்னர் ஓடிவந்த தலைமுறைக்கு அது இயல்பே. அவர்கள் இரண்டு மூன்று வேலை பார்த்தவர்கள், ஓய்வு என்ற சொல்லே அவர்களுக்கு அந்நியம். ஆனால் இன்று அவர்கள் அறுபதை எட்டுகிறார்கள். பிள்ளைகள் வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அடுத்த இருபது குளிர்காலங்களை யாருடன் கழிப்பது என்பது உண்மையான கேள்வி. பனியில் விழுந்தால் முதலில் கைகொடுக்கப் போகிறவர் பக்கத்துத் தெருக்காரரே ஒழிய, பிறம்ரனில் வசிக்கும் ஊர்ச்சங்கச் செயலாளர் அல்லர்.

மறுப்புக்களும் உண்டு. அவற்றுள் சில வலுவானவை. ஆங்கிலம் பேசத் தயங்கும் அம்மாமார் பலரை அந்நியக் குழுவொன்றுக்குப் போகச் சொல்லுவது எளிதன்று. அவர்களுக்கு விற்பனை நிலையங்களின் உள்ளே கடைகள் திறக்கமுன் கூட்டாக நடக்கும் வழக்கமே பொருத்தம். அங்கே தமிழில் கதைத்துக்கொண்டு நடக்கட்டும். அதற்கு யாப்பும் தேவையில்லை. இரவு வேலைக்காரருக்கு மாலை ஆறரைப் பயிற்சி ஒத்துவராது. ஞாயிறு காலை ஓட்டம் மட்டுமே அவர்களுக்கு வழி. பெண்கள் இருளில் ஓடுவது பாதுகாப்பா என்று கேட்பவர்களுக்கு எனது பதில் நேரெதிரானது. குளிர்கால இருளில் ஒரு பெண் தனியே ஓடுவதற்குத்தான் அஞ்சவேண்டும். இருபது பேருடன் ஓடுவதற்கன்று. நான் பார்த்த குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ‘இந்த வயதில் அரைக்காற்சட்டையுடனா’ என்ற கேள்விக்குக் குளிர்காலமே விடையளிக்கிறது. கண்ணைத் தவிர வேறொன்றும் வெளியே தெரியாது.

வயதைக் காரணம் காட்டுபவர்களுக்கு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையாரை நினைவூட்டலாம். எழுபது வயதைக் கடந்த நிலையில் 2023 இல் பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கங்களுடன் நாடு திரும்பியவர் அவர்.

இனி, போக எண்ணுவோருக்குச் சில நடைமுறை விடயங்கள். நாற்பதைத் தாண்டியவர்களும் நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் முதலில் தமது மருத்துவரைப் பார்க்கவேண்டும். குளிர் குருதிக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும். பனி அள்ளும்போது மாரடைப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆஸ்துமா உள்ளவர்கள் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டால் உள்ளிழுக்கும் காற்றுச் சற்று வெதுவெதுப்பாகும். உடுப்பைப் பொறுத்தவரை, வெளியில் உள்ளதைவிடப் பத்துப் பாகை கூடுதல் வெப்பம் என்று எண்ணி உடுத்தவேண்டும். முதல் ஐந்து நிமிடம் குளிரவேண்டும். குளிராவிட்டால் உடுப்புக் கூடிவிட்டது. உடலை ஒட்டிய உடுப்புப் பருத்தியாக இருக்கவே கூடாது. அது வியர்வையைப் பிடித்துவைத்து உடலைக் குளிரச்செய்யும். போகும்போது எதிர்க்காற்றிலும் திரும்பும்போது காற்று முதுகில் படும்படியும் ஓடுவது பழகியவர்களின் வழக்கம். வியர்த்த உடலுடன் எதிர்க்காற்றில் திரும்புவதன் வேதனையை ஒருமுறை அனுபவித்தால் போதும். காற்றுடன் கணிக்கப்படும் குளிர்ச் சுட்டெண் -28 ஐத் தொட்டால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று கனடிய வானிலைத் திணைக்களம் எச்சரிக்கிறது. அத்தகைய நாட்களில் கழகங்களும் உள்ளேயே பயிற்சி வைக்கும், அல்லது நிறுத்திவிடும். சப்பாத்தின் அடியில் மாட்டும் ஆணிப்பட்டியும், ஒளியைத் தெறிக்கும் மேலங்கியும் அவசியம். ஏனைய ஆடம்பரங்களை விற்பனையாளரிடமே விட்டுவிடலாம்.

சங்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. கோடை நடைபவனிக்கு அச்சிடும் மேற்சட்டைகளின் செலவில் ஒரு பகுதியை எடுத்து, இருபது முப்பது சோடி ஆணிப்பட்டிகளையும் மேலங்கிகளையும் வாங்கி இரவல் கொடுக்கலாம். தமது அங்கத்தவர் வாழும் பகுதிகளில் எந்தக் கழகம் எந்த நாளில் எங்கே கூடுகிறது, ஆரம்பநிலைக் குழு உண்டா, மெதுவாக ஓடுபவருடன் கடைசிவரை வருவதற்கு ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்பவற்றை விசாரித்து ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாம். இந்தக் கடைசிக் கேள்வியை ஒவ்வொருவரும் தாமாகவே தொலைபேசியில் கேட்பதும் நல்லது. இல்லை என்று பதில் வந்தால் வேறு கழகத்தைப் பார்க்கவேண்டும். புதியவர் சந்தா கட்டமுன் ஓரிரு முறை வந்து ஓடிப் பார்ப்பதைப் பல கழகங்கள் அனுமதிக்கின்றன. பொங்கல் விழா மண்டபத்தின் வாசலில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில், அந்த ஒரு பக்கத் தாளை வைத்தால் போதுமானது.